தங்கச்சி சைக்கிள்

புஷ்பவல்லிக்குப் பொறாமை ஜாஸ்தி என்று காத்திவாக்கம் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளைக் கேட்டால் அவளே சொல்வாள். பக்கத்தில் இறால் விற்கும் ஃப்ளோராவின் கூடையில் சரக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்துவிட்டால் அன்று முழுக்க ஃப்ளோராவோடு பேச்சு கிடையாது. எதிர்வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கினால் இவள் வீட்டுப் பாத்திரங்கள் சத்தம் போடும். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பொறாமை. காலையில் வந்து சாயங்காலம் போய்விடும். போகாத பொறாமை ஒன்று இருந்தது. அது கூடப் பிறந்த தங்கச்சி வினிதாவின் மேல்.

வினிதா அவளைவிட ஐந்து வயது இளையவள். புஷ்பா பத்தாவது முடித்த கோடையில் அப்பாவின் படகு கரையோர அலையில் புரண்டு, அப்பா இடுப்பொடிந்து பாயில் விழுந்தார். அம்மா பட்டம்மாள் ஒண்டியாக மீன் விற்று நாலு வயிற்றை நிரப்ப முடியாது. "பெரியவ எங்கூட வரட்டும், சின்னது படிக்கட்டும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. படிப்பு போனதில் புஷ்பாவுக்குப் பெரிய வருத்தமில்லை. கணக்குப் பாடம் தொலைந்ததே என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட. வருத்தம் வேறு விஷயத்தில். பதினொன்றாவது சேர்ந்தவர்களுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுத்தது. கூடப் படித்த பெண்கள் நீல சைக்கிளில் வரிசையாகப் போவார்கள். தலையில் அன்னக்கூடையோடு புஷ்பா ஓரமாக ஒதுங்கி நிற்பாள். அவளைப் பார்த்ததும் எல்லாரும் பெல் அடிப்பார்கள். தோழமையில் அடித்த பெல்தான். அவளுக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து வினிதா அதே நீல சைக்கிளோடு வாசலில் வந்து நின்றாள். ஹேண்டில்பாரில் பிரிக்காத பிளாஸ்டிக் உறை, முன்னால் கம்பிக்கூடை, சீட்டுக்குக் கீழே புது பெயிண்ட் வாசனை. அப்போதுதான் மீன் வெட்டி முடித்து வந்திருந்த புஷ்பா, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆசை ஆசையாக பெல்லைத் தொடப் போனாள்.

"கைய வெக்காதக்கா. மீன் கை. நாத்தம் புடிச்சிக்கும்."

சொல்லிவிட்டு வினிதா சைக்கிளை உள்ளே உருட்டிக்கொண்டு போனாள். ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது அவளுக்கு அந்தப் பேச்சே ஞாபகமில்லை, அக்கா தட்டிலிருந்த மீன் தலையை உரிமையோடு எடுத்துத் தின்றாள். புஷ்பாவுக்கோ சோறு இறங்கவில்லை. எழுந்து போய் சோப்புப் போட்டுக் கழுவினாள், புளி போட்டுத் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள். நாற்றம் இருந்தது. அன்றோடு அந்த சைக்கிளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். கல்யாணம் ஆயிற்று, மகன் வெற்றி பிறந்து பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போயே விட்டான், அப்பா செத்துப் போனார். சைக்கிளை மட்டும் அவள் விரல் நுனியாலும் தொடவில்லை.

வினிதா நர்ஸ் படிப்பு படித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பின்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். அம்மா புஷ்பாவோடுதான் இருக்கிறாள். சோறு போடுவது, சர்க்கரை மாத்திரை வாங்குவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் புஷ்பா. ஆனால் அம்மாவின் வாயில் எந்நேரமும் பாப்பா, பாப்பா, பாப்பா. அந்த சைக்கிளை அம்மா வீட்டுப் பின்புறம் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்கடியில் குறுக்குக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதற்குப் பாலித்தீன் உறை. மழைக்காலம் வந்தால் உறையை மாற்றுவாள். ஒரு புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது புஷ்பாவின் கல்யாணப் புடவை நனைந்து நாசமானது, சைக்கிள் நனையவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வயிறு எரியாமல் இருக்க முடியுமா?

போன டிசம்பரில் அந்த வீடியோ வந்தது.

பெரிய ஏரி ஒன்று, கரை தெரியாத அளவுக்கு. மொத்தமும் ஐஸாக உறைந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதன்மேல் வினிதா சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனாள். தடித்த கோட்டு, காதை மூடிய குல்லாய், கழுத்தில் சிவப்புத் துண்டு. நேராகப் போய்க்கொண்டே இருந்தாள், போய்ச் சின்னப் புள்ளியானாள், பிறகு வளைந்து திரும்பி, பெரிதாகிக்கொண்டே வந்து சிரித்தாள். அதோடு வீடியோ முடிந்தது. சத்தம் எதுவும் இல்லை, காற்று மட்டும்.

அம்மா அன்றைக்கு மாத்திரை போடவே மறந்துவிட்டாள். போனைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் எல்லாருக்கும் காட்டினாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தண்ணி மேல சைக்கிள் வுடுறா பாருடா! நம்ம பட்டம்மா பொண்ணுடா!"

"ஐஸு ஒடைஞ்சா இன்னா ஆவறது?"

"அதான் தைரியம் இன்றது. நம்மாளுங்க எவனாவது போவானா?"

ஃப்ளோரா இரண்டு தடவை பார்த்துவிட்டுப் புஷ்பாவின் பக்கம் சாய்ந்தாள். "அது சரி, வீடியோ எடுத்தது யாரு மே? எவனோ ஆளு கீறான்போல."

"கீறானோ இல்லியோ, எனக்கு இன்னா தெரியும்?" என்று புஷ்பா இறாலை உரித்தாள். உரித்த வேகத்தில் தலையோடு பாதி சதையும் போயிற்று. இப்போது அந்த முகம் தெரியாத ஆளின் மேலும் அவளுக்குப் பொறாமை வந்துவிட்டது. ஒருத்தன் நின்று பொறுமையாகப் படம் பிடிக்க, இவள் ஊர் உலகமெல்லாம் பார்க்க சைக்கிள் ஓட்டுகிறாள். தனக்கு யார் படம் பிடித்தார்கள்? கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படத்தில் தனக்குக் கண் மூடியிருக்கும்.

தினமும் விடியுமுன்னே ஐஸ் உடைத்து மீனுக்குப் போட்டு விரல் மரத்துப் போகிறவள் புஷ்பா. ஐஸைப் பற்றி வினிதாவுக்கு என்ன தெரியும்? ஆனால் பேர் அவளுக்கு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு வாரம் உள்ளுக்குள்ளேயே புழுங்கினாள். எட்டாம் நாள் காலை ஆற்றங்கரையில் நின்று கையைக் கழுவும்போது எதிரே பார்த்தாள். கொசஸ்தலை ஆறு கடலுக்குப் போகுமுன் அகன்று கிடக்கும் இடம் அது. அங்கே ஒரு பக்கமாக அனல் மின் நிலையத்துச் சாம்பல் வருஷக்கணக்கில் வந்து படிந்து, ஆற்றையே தூர்த்து, மேலே வெயிலில் காய்ந்து பாளமாகிக் கிடந்தது. வெள்ளையும் சாம்பலுமாகப் பரந்து, கண்ணைக் கூச வைத்தது. போனில் பார்த்த ஏரிக்கும் இதற்கும் இவள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

'ஏன், எங்க ஊர்ல ஏரி ஒறையாதா?' என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் முடிவும் செய்துவிட்டாள். அந்த சைக்கிளையே எடுக்க வேண்டும். அதையே ஓட்ட வேண்டும். அந்தச் சாம்பல் மேல் நேராகப் போய்ப் புள்ளியாகித் திரும்பி வர வேண்டும். அதை வீடியோ எடுத்து வினிதாவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் தனக்கு இனித் தூக்கம் கிடையாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு சின்ன இடைஞ்சல்தான் இருந்தது. அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து சைக்கிளை இறக்கினாள். உறையைப் பிரித்து ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தாள். மீன் கைதான். அன்றைக்கு வேண்டுமென்றே கழுவாமல் வந்திருந்தாள்.

அம்மா திரும்பி வந்து பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். "அத்த ஏன்டி எறக்குன? பாப்பா வந்தா கேக்கும்டி!"

"கேட்டா நா பதில் சொல்லிக்கிறேன். யாவாரத்துக்கு வோணும்."

டியூபும் டயரும் மாற்றியாயிற்று. கற்றுக்கொடுக்கும் பொறுப்பு புருஷன் தேசப்பன் தலையில் விழுந்தது. தேசப்பன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன், கரையில் இருக்கும்போது மனைவி சொல்லை மீறாதவன். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மூச்சுவிடாமல் ஓடும், அங்கே போக முடியாது. ஆகவே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மண் தரையில் பாடம் நடந்தது. இவள் மிதிக்க, அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் லுங்கியை மடித்துக் கட்டி ஓடினான்.

"முன்னால பாரு மே! சக்கரத்தை ஏன் பாக்குற?"

"யோவ், வுட்டுடாதய்யா! வுட்டுட்டியா? நெஜமா சொல்லு, வுட்டுட்டியா?"

"புடிச்சிகினுதான் கீறேன், மிதி."

அவன் எப்போதோ விட்டிருந்தான். அது தெரிந்ததும் அவள் விழுந்தாள். முட்டி தேய்ந்தது, முழங்கை கிழிந்தது. வேலியோரம் நின்று பார்த்த பெண்கள், இந்த வயசில் இவளுக்கு என்ன கிறுக்கு என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மறுபடி ஏறினாள். தை பிறந்து சில நாளில் அவள் யாரும் பிடிக்காமல் ஓட்டினாள். பெல்லை மட்டும் அடிக்கவில்லை. அதை ஏரிக்கென்று வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் வற்றின நேரத்தில் ஆற்றங்கரைக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். கையில் போனோடு தேசப்பன் வந்தான். கூப்பிடாமலே ஃப்ளோராவும் வந்தாள். சைக்கிள் ஆற்றுப் பக்கம் போகிறது என்று யாரோ சொல்லி, அம்மாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"வேணாம் மே," என்றான் தேசப்பன். "ரோட்டுலயே வுடு. நா சோக்கா எடுத்துத் தரேன்."

"ரோட்டுல வுட்டா அவ சிரிப்பா."

"அது கெட்டியா கீதோ இன்னாவோ."

"ஆத்தப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா நீ?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சின்ன வயசிலிருந்து இறாலுக்காக இந்த ஆற்றில் நடந்தவள். ஆற்றில் இறங்கும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: கால் வைக்குமுன் நண்டு வளை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வளை இருந்தால் அடியில் சேறு, ஆளை இழுக்கும். வளை இல்லையென்றால் கெட்டி, தைரியமாக நடக்கலாம். புஷ்பா குனிந்து சாம்பல் பரப்பைக் கூர்ந்து பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு வளைகூட இல்லை. ஓரத்தில் குதிகாலால் நாலு குத்துக் குத்தினாள். சிமென்ட் தரை மாதிரி சத்தம் வந்தது. அவளுக்குத் திருப்தி. அந்தச் சாம்பலில் நண்டே உயிரோடு இருக்க முடியாது, பிறகு வளை எங்கிருந்து வரும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற யாருக்கும் தோன்றவில்லை.

"எடுக்கிறியா?"

"எடுத்துகினு கீறேன், போ."

ஏறி மிதித்தாள். சக்கரம் சரசரவென்று போயிற்று. பள்ளிக்கூடத்து மண்ணைவிட இது வழவழப்பாக இருந்தது. புடவைத் தலைப்பு பின்னால் பறந்தது. முகத்தில் உப்புக் காற்று அடித்தது. எதிரே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், அதற்கு மேலே வானம், நடுவில் ஆளே இல்லாத வெள்ளைத் தரை. இதற்குத்தானா இத்தனை வருஷம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையை எடுத்துக் கட்டை விரலால் பெல்லை அழுத்தினாள். துருப்பிடித்த பெல், இருந்தும் அடித்தது. இன்னொரு தடவை அடித்தாள். வினிதா, கேட்டுக்கோடி என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்போது முன் சக்கரம் பாளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போனது.

அவள் இறங்கி நிற்கலாம் என்று காலை ஊன்றினாள். கால் ஊன்ற ஒன்றும் இல்லை. முட்டிவரை போயிற்று, இடுப்புவரை போயிற்று. அடியில் கூழாக இருந்த சாம்பல் ஜில்லென்று பிடித்து இழுத்தது. சைக்கிள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அவள் அதன்மேல் மார்பைப் போட்டு இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். சைக்கிள் படுத்த வாக்கில் கிடந்ததால் அதற்குமேல் அவள் இறங்கவில்லை.

தேசப்பன் போனை ஃப்ளோராவின் கையில் திணித்துவிட்டுப் பாய்ந்தான். ஃப்ளோரா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "நீயும் பூடுவ! பலக எட்தாங்கடா, கயிறு எட்தாங்கடா!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே போனையும் அணைக்காமல் பிடித்திருந்தாள், அது ஃப்ளோராவின் குணம். கரையில் இருந்தவர்கள் படகுப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட, தேசப்பன் குப்புறப் படுத்து ஊர்ந்து, வலைக் கயிற்றை வீசினான்.

"கயித்தப் புடி! சைக்கிள வுடு!"

"வுடமாட்டேன்!"

"புஷ்பா, சைக்கிளோட இழுக்க முடியாது மே! வுடு!"

"கயித்த சைக்கிள்ல கட்டு! வுட்டா அவ இன்னா சொல்லுவா? நா தொட்டுத்தான் நாசமா போச்சுன்னு சொல்லுவா! வுடமாட்டேன்!"

அப்போது கரையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அம்மா அப்படிக் கத்தி புஷ்பா பிறந்ததிலிருந்து கேட்டதில்லை, அப்பா செத்த அன்றைக்குக்கூடக் கேட்டதில்லை.

"அந்த சனியன வுட்டுத் தொலடி! சைக்கிளு எவளுக்கு வோணும்? நீ வாடி! எனக்கு நீ வாடி, எங்கண்ணு!"

புஷ்பா திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் பாலித்தீன் சுற்றிக் காத்த சைக்கிளைச் சனியன் என்றது அம்மாதானா என்று பார்த்தாள். அம்மாதான். சாம்பலில் முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். புஷ்பாவுக்கு அந்தச் சேற்றுக்குள்ளே அழுகை பொங்கியது. ஆனாலும் சைக்கிளை விடவில்லை. கடைசியில் இரண்டையும் சேர்த்தேதான் இழுத்தார்கள். கரைக்கு வந்தபோது எது ஆள், எது சைக்கிள் என்று தெரியாதபடி ஒரே சாம்பல். அம்மா அவளை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள், பிறகு மறுபடியும் அடித்தாள்.

அன்று சாயங்காலம் ஃப்ளோரா அந்தப் போனோடு தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "கோச்சிக்காத மே. நீ உங்க தங்கச்சிக்குன்னுதான எடுத்த. அதான் நானே அனுப்பிட்டேன்."

"இன்னாத்த அனுப்புன?"

"முழுசா."

புஷ்பாவுக்கு உயிரே போயிற்று. ராணி மாதிரி போய்த் திரும்பி வருகிற வீடியோ போக வேண்டிய இடத்துக்கு, இடுப்பளவு சேற்றில் நின்று அலறுகிற வீடியோ போய்விட்டது. இனி ஆயுசுக்கும் வினிதா சிரிப்பாள். அங்கே இருக்கிற வெள்ளைக்காரக் கிழவிகளுக்கெல்லாம் காட்டிச் சிரிப்பாள். போன் அடித்தது. வினிதாதான். மூன்று தடவை அடிக்கவிட்டு, சிரிக்கிறதை இன்றைக்கே சிரித்துத் தொலைக்கட்டும் என்று எடுத்தாள்.

திரையில் வினிதா இருந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. சிரிக்கவில்லை.

"யக்கா, அடி எதுனா பட்டுதா?"

"இல்ல."

"அம்மா?"

"தூங்குது."

வினிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பதினாறு வயதில் ஜடையை இழுத்துச் சண்டை போட்ட அதே குரலில் சொன்னாள்: "அம்மா என் சைக்கிள சனியன்னுது."

"பயத்துல சொல்லிச்சு."

"எனக்குன்னு ஒருநாளாவது இப்டி கத்தியிருக்கா அது? பாப்பா பாப்பான்னு கொஞ்சும், அவ்ளோதான். உன்னப் பாரு, ஊரே வந்து நிக்குது. மாமா குப்புறப் படுத்துகினு வர்றாரு. ஃப்ளோராக்கா வீடியோ எடுக்குது. என் வீடியோவ யாருக்கா எடுத்தா?"

"நீதான் சொல்லணும்."

"டிபன் பாக்ஸ் மேல போனை சாச்சி வெச்சிட்டுப் போனேன். பாதி ஏரி போனதும் அடியில டொப்புன்னு ஐஸு சத்தம் கேட்டுது. ஒடைஞ்சா எவனுக்குத் தெரியும்? திரும்பி வந்து நானேதான் ஆஃப் பண்ணேன். உனக்குன்னா எப்பவும் எல்லாரும் கீறாங்க."

புஷ்பாவுக்கு அந்தக் குரல் புதிதில்லை. இத்தனை வருஷமும் அவள் வயிற்றுக்குள் அரைத்துக்கொண்டிருந்தது அதே குரல்தான். இப்போது அது தங்கச்சி வாயிலிருந்து வந்தது. கேட்டதும் முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். எழுந்து நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் போல இருந்தது. அதற்கப்புறம்தான் டிபன் பாக்ஸ்மேல் சாய்த்து வைத்த போன் அவள் கண்ணுக்குள் வந்தது. அந்தப் பெரிய ஏரியில், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு போன், வேறு யாரும் இல்லை.

"அது சரி, நீ ஏங்கா சைக்கிள வுடல? உசுரு போற நேரத்துல?"

"நீதான் சொன்ன. கைய வெக்காத, மீன் கை, நாத்தம் புடிச்சிக்கும்னு."

வினிதா புருவத்தைச் சுருக்கினாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "நானா? எப்போக்கா?"

புஷ்பா தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை.

"அத்த வுடு," என்றாள் கடைசியில். "சித்திரைல லீவு சொன்னியே, வந்து சேரு. சைக்கிளு பின்னாடி சாம்பலோட நிக்குது. கழுவி வெக்கிறேன்."

"சரிக்கா."

"இந்தக் கையாலதான் கழுவுவேன். இப்பவே சொல்லிட்டேன்."